பழைய நம்பரை அடித்துப் பார்க்கிறவர்

எங்கள் உவர்மலை ஒழுங்கையில் அவரை எல்லோரும் 'அலாரம்' என்றுதான் சொல்வார்கள். என் கைபேசியிலும் 'அலாரம் நானா' என்றே பதிந்து வைத்திருந்தேன்; முஸ்லிம் ஆட்கள் அண்ணாவை நானா என்பார்கள். பெயரைக் கேட்டிருக்கலாம். முதல் நாள் கேட்காமல் விட்டுவிட்டு மூன்றாம் வருடம் கேட்பதென்றால் வெட்கமாக இருக்கும். அவரும் என்னை டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டு அலாரத்தின் ஒவ்வொரு கம்பியையும் அறிந்த மனிதரின் பெயர் அந்த வீட்டுக்காரிக்கு இன்றுவரை தெரியாது.

முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, என்ன வெயிலென்றாலும் முழுக்கைச் சட்டை. பொக்கற்றில் மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும். அது முகம் துடைக்க அல்ல. வேலை முடிந்ததும் கீபேட்டின் பொத்தான்களைத் துடைப்பதற்கு. எந்த நாலு பொத்தானில் விரல் அழுக்கு இருக்கிறதோ அந்த நாலும்தான் உங்கள் நம்பர், கள்ளனுக்கு அதற்குமேல் பெரிய படிப்புத் தேவையில்லை என்பார்.

எந்த வீட்டுக்குள் வந்தாலும் முதலில் கலண்டரைத் தேடுவார். எங்கள் ஊரில் கலண்டர் தொங்காத வீடு இல்லை. அலாரம் பூட்டிய வீடென்றால் அந்தக் கலண்டரில் அலாரத்தின் இலக்கமும் இருக்கும். எங்கள் வீட்டில் காஸ் மாற்றிய திகதிக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய எழுத்தில், நான்தான் எழுதி வைத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதத் தாளைக் கிழித்து மடித்து என் கையில் தந்துவிட்டு, "அடுப்பில போடுங்க டீச்சர்" என்றார். மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் நான் என்ன திகதி என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்பது இதிலெல்லாம் இல்லை. இலக்கத்தை மாற்றிய பிறகு அவர் செய்கிற ஒரு காரியத்தில்தான் இருக்கிறது.

மற்றவர்களென்றால் புது இலக்கத்தை அடித்துப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தால் சரி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அதற்குப் பிறகுதான் தொடங்குவார். முதலில் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், "கொஞ்ச நேரம் சத்தம் கேக்கும், சோதனைதான்" என்று சொல்லிவிட்டு வருவார். வீட்டில் இருக்கிற எல்லோரையும் வெளியே அனுப்பி, அலாரத்தைப் போட்டு, முன்கதவைச் சாத்தச் சொல்வார். பிறகு நாங்கள் கதவைத் திறந்து உள்ளே வரவேண்டும். முப்பது விநாடிக்குள் இலக்கத்தை அடிக்காவிட்டால் சைரன் கத்தும். கீபேட் 'டிக் டிக்' என்று எண்ணத் தொடங்கியதும், "இப்ப பழசை அடிங்க" என்பார்.

பழசு வேலை செய்யக்கூடாது. கீபேட் மூன்று தரம் 'பீப்' என்று அதட்ட வேண்டும். அது அதட்டினால்தான் அவர் முகம் தெளியும். "செத்திட்டுது. இப்ப புதுசை அடிங்க."

நாங்கள் அடிக்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். தான் அடித்துக் காட்டவே மாட்டார். ஒரு நாள் கேட்டேன், நீங்களே பார்த்துச் சொன்னால் போதாதா என்று. "நான் சொன்னா நம்பாதீங்க டீச்சர். அது சொல்லட்டும்" என்றார்.

எனக்கு இந்தப் பாடம் வெட்கத்தோடுதான் வந்து சேர்ந்தது. எங்கள் முன்னறையில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்த பிள்ளை மாற்றலாகிப் போனபோது, அலாரத்தின் புத்தகத்தைப் பார்த்து நானே இலக்கத்தை மாற்றினேன். புது இலக்கம் வேலை செய்தது. கணிதம் படிப்பிக்கிறவள் என்ற நினைப்பு வேறு. அடுத்த மாதம் பற்றரி மாற்ற வந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். "பழசை அடிச்சிப் பாத்தீங்களா?" என்றார். இல்லை. அடித்தேன். கீபேட் இனிமையாக ஒரு தரம் ஒலித்து, பச்சை விளக்கைப் போட்டு, என்னை வீட்டுக்குள் வரவேற்றது.

"டீச்சர், நீங்க மாத்தல்ல. கூட்டியிரிக்கீங்க" என்றார். "மூணாம் ஆளா புதுசைச் சேத்திரிக்கீங்க. ரெண்டாம் ஆள், போன பிள்ளை, அப்படியே இரிக்கி."

கணித டீச்சரிடம் அதைவிட மோசமாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஆனால் இது என் பிழை மட்டுமில்லையாம். அவர் போகிற வீடுகளில் பாதியில் இதே கதைதானாம். புது ஆளைச் சேர்ப்பார்கள், போன ஆளை வெட்டமாட்டார்கள். "எங்கட ஆக்களுக்குப் பேர் வெட்டப் பயம்" என்றார். சும்மா தொழில் கதையாகத்தான் சொன்னார். எனக்கு உடனே எங்கள் குடும்ப அட்டை நினைவுக்கு வந்தது. ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அதில் மூன்று பெயர் இருக்கிறது. வீட்டில் அம்மாவும் நானும்தான்.

மூன்றாவது பெயர் அண்ணாவுடையது. யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒரு காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுண் கடைத்தெருவுக்குப் போனார். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம் என்பதை இங்கே எழுத எனக்குப் பொறுமையில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோப்பு இருக்கிறது.

அலாரக்காரருக்கு அப்போது இதொன்றும் தெரியாது.

அவரை நான் முழுதாக நம்பினேன் என்று சொன்னால் பொய். எதிர்வீட்டு ஓவசியர் ஐயா கேற்றடியில் நின்று, "எல்லாற்றை வீட்டு நம்பரும் அவனுக்குத் தெரியும் பிள்ளை. கிண்ணியாக்காரன் வேறை. கவனம்" என்று சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. அடுத்த முறை நானா சுவரைப் பார்த்து நின்றபோதும் இடது கையால் கீபேட்டை மறைத்துக்கொண்டுதான் அடித்தேன். சுவரோரம் இருந்த அலுமாரிக் கண்ணாடியில் அவருக்கு அது தெரிந்திருக்கிறது. "நல்லது டீச்சர், எனக்கும் மறைக்கத்தான் வேணும்" என்றார். குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே பாராட்டினார். எனக்குக் காது சுட்டது.

ஓவசியர் ஐயாவும் ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டார். மனைவி சொன்னபடி கலியாண நாளை இலக்கமாகப் போட்டுவிட்டார்கள். அப்படியான நாள்களைப் போடவேண்டாம் என்று நானா தலைதலையாக அடித்துச் சொல்லியும் அந்த அம்மா கேட்கவில்லை. சோதனை நேரம் ஐயா உள்ளே போய் ஒரு திகதி அடித்தார். அதட்டியது. இன்னொன்று அடித்தார். அதற்கும் அதட்டியது. மூன்றாவதை அடிக்கும்போது சைரன் கத்தி, ஐயாவுக்குக் கலியாண நாள் தெரியாது என்பது துறைமுகம் வரைக்கும் கேட்டது. நானா சைரனை நிறுத்திவிட்டு, "நம்பர் வேலை செய்யுது ஐயா. ஆள்தான் வேலை செய்யல்ல" என்றார். அன்றைக்கே இலக்கம் மாறியது. அந்த வீட்டில் வேறு எதுவும் மாறியதா என்று தெரியாது.

பின்வளவில் மான்கள் வந்து முருங்கையைக் கடிக்கும்போதும் ஒரு காலம் சைரன் கத்தியது. அதற்கு அவர் ஏணி வைத்து, நடமாட்டம் பார்க்கிற கறுப்புக் கண்ணைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டினார். "மானுக்கு நம்பர் குடுக்க ஏலாது" என்றார். சிரிக்கவில்லை. அவர் பகிடியை விடும்போது சிரிக்கிறதில்லை.

எங்கள் வீட்டில் அலாரம் பூட்டியதே ஒரு பின்னேரம் கள்ளன் வந்ததால்தான். கோயிலால் வந்து பார்த்தால் பின்கதவு திறந்து கிடந்தது. அம்மாவின் சங்கிலியும் என் மடிக்கணினியும் போயிருந்தன. நான் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். அம்மா பத்து மணிக்குக் கோயிலுக்குப் போய் மதியம் திரும்புவார். தனியாக வீட்டுக்குள் வரும்போது உள்ளே யாராவது நின்றால்? எனக்கு அந்த நினைப்பு விட்டுப்போகவில்லை. அதனால்தான் பூட்டினேன்.

பற்றரி மாற்ற வந்த இன்னொரு நாள், அவர் கீபேட்டின் நினைவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், மூணு கிழமையா பகல்ல ஒரு நாளும் அலாரம் போடல்ல."

அம்மாவைப் பார்த்தேன். மறந்துபோனேன் என்றார். மூன்று கிழமையுமா? அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு என்னிடம் இல்லை, அவரிடம் சொன்னார்.

"தம்பி, என்ரை மகன் வந்து பின்கதவைத் திறக்கேக்கை இது ஊளையிட்டால் அவன் என்ன செய்வான்? பயந்து ஓடிப்போயிடுவான். பிறகு நான் எங்கை தேடுறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வந்திருக்க வேண்டும், ஆனால் கோபம்தான் வந்தது. வெளியாளுக்கு முன்னால் எங்கள் வீட்டின் உள்பக்கம் கொட்டுப்பட்டுவிட்டது. "அம்மா, சும்மா இருங்கோ" என்றேன். அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. பின்கதவுச் சாவி கிணற்றடியில் பூச்சட்டிக்குக் கீழே இருக்கிறது. அண்ணா இருந்த காலத்தில் எந்தச் சட்டிக்குக் கீழே இருந்ததோ அதே சட்டிக்குக் கீழே. சங்கிலி எடுத்த கள்ளன் எந்தப் பூட்டையும் உடைக்காதது ஏன் என்று எனக்கு விளங்கியது.

யார் அந்த மகன், எப்போது போனவர் என்று நானா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்கத் தேவையில்லை. கவலைப்படாதீங்க என்றும் சொல்லவில்லை. ஸ்குரூ ட்ரைவரைக் கீழே வைத்துவிட்டு, தொழிலுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"அம்மா, மகன் வந்தா எந்த நம்பரை அடிப்பாரு?"

அம்மா யோசிக்கவே இல்லை. "அவன்ரை சைக்கிள் பூட்டின்ரை இலக்கம்தான். நாலு இலக்கம் கேட்டால் அவன் வேறை என்னத்தை அடிப்பான்?"

எனக்கு அது இலக்கப் பூட்டு என்பதே மறந்துபோயிருந்தது. அம்மாவுக்கு இலக்கமும் மறக்கவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை, நானா வாசித்தால் ஏசுவார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவனுக்கும்."

"அண்ணாவின்ரை கூட்டாளிமாருக்கும் தெரியும்" என்றேன். "பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்."

அவரோ பிறர் அறிந்த இலக்கத்தை ஒரு வீட்டிலும் விட்டுவைக்காத மனிதர். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவேண்டும் என்றும் விரும்பினேன். அவர் பைக்குள்ளிருந்து அலாரத்தின் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, விரலை வைத்து வாசித்தார்.

"ஒரு நம்பர் இரிக்கி டீச்சர். கழுத்துல கத்தி வச்சி, திற எண்டு சொன்னா அடிக்கிற நம்பர். அதை அடிச்சா சைரன் கத்தாது, அலாரம் சும்மா நிண்ட மாதிரி இரிக்கும். ஆனா போனுக்கு மெசேஜ் போகும். கத்தி வச்சவனுக்குத் தெரியாது." புத்தகத்தை மூடினார். "அந்த இடத்துல மகன்ட நம்பரைப் போடுவம். அவர் வந்தா சத்தம் வராது. வேற யாரும் அதை அடிச்சா நமக்குத் தெரிஞ்சிரும். சாவி சட்டிக்குக் கீழேயே இரிக்கட்டும். நம்பர் இல்லாம சாவி மட்டும் போதாது."

அம்மா கேட்டார்: "அவன் வந்தால் இவளுக்குத் தெரியுமோ?"

"உடனே தெரியும் அம்மா."

"அப்ப நல்லது. இவள் ஓடி வரட்டும்."

மெசேஜ் போவதற்கு என் போனையும் தன் போனையும் போட்டார். நான் வகுப்பில் போனைப் பார்க்காமல் விட்டாலும் தான் பார்க்கலாம் என்று காரணம் சொன்னார். பிறகு வழக்கப்படி பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வந்து, அம்மாவையே செய்யச் சொன்னார். அம்மா கிணற்றடிக்குப் போய், சட்டியை நகர்த்திச் சாவியை எடுத்து, பின்கதவைத் திறந்து, அடுப்படிக் குசினிக்குள்ளால் வந்து நாலு இலக்கத்தை அடித்தார். நானா சுவரைப் பார்த்து நின்றார். வீடு சத்தமில்லாமல் இருந்தது. என் போனும் அவருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன. 'ஆள் வந்திரிக்கி' என்று ஆங்கில எழுத்தில் அவர் தட்டிவைத்த தமிழ்.

அடுத்த நாளிலிருந்து அம்மா ஒரு நாளும் தவறாமல் அலாரத்தைப் போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. ஆள் வந்திரிக்கி. வெண்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோவில் பத்து நிமிடம். கள்ளனாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அண்ணா குசினியில் நின்று தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா கிழவியாப் போயிட்டா, பயப்படாதேங்கோ என்று முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா தனியாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "நான்தான். இப்பவும் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."

நான் என்ன பேசினேன் என்பதை எழுதமாட்டேன். பேசி முடிவதற்குள் கேற்றில் மோட்டார் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. நிறுத்துகிற பொறுமைகூட இல்லாமல் நானா வந்திருக்கிறார். அன்புவழிபுரத்தில் யாரோ வீட்டில் வேலையில் நின்றவர், ஸ்குரூ ட்ரைவர் இன்னும் கையில் இருந்தது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் குசினி வாசலையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு படியில் குந்திவிட்டார். கீபேட்டைத் துடைக்கிற கைக்குட்டையால் அன்றைக்குத்தான் முகத்தைத் துடைத்தார்.

தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்: "சோதிச்சது சரி அம்மா. அது என்ட வேலை, நீங்க செஞ்சிரிக்கீங்க. ஆனா சொல்லாமச் சோதிச்சதுதான் பிழை. சொல்லாமச் சோதிச்சிச் சோதிச்சி, ஒரு நாளைக்கு உண்மையா வந்தா, நாங்க சோதனை எண்டு நினைச்சிக்கிட்டு இருந்திருவம்."

அம்மா தலையாட்டினார். ஒவ்வொரு மாதமும் முதலாம் சனிக்கிழமை காலை பத்து மணி சோதனை நேரம் என்று நானா வைத்தார். முதலில் அம்மா அவருக்குப் போன் எடுக்க வேண்டும். "தம்பி, சோதிக்கப்போறன்." அவர், "சரி அம்மா, அடிங்க" என்பார். அடித்த பிறகு அவர் எடுத்து, "வந்திட்டுது, வேலை செய்யுது" என்பார். அது இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தது. அம்மா அன்றைக்கு நல்ல சேலை உடுத்துவார்.

கடைசியாக வந்த நாளில் நாங்கள் கூப்பிடவில்லை. தானாக வந்தார். கீபேட்டுக்குள் போய்த் திருத்துவதற்கு அவரிடம் தனி இலக்கம் ஒன்று இருந்தது. "அதை மாத்துங்க டீச்சர். நீங்களே ஒண்டைப் போடுங்க, எனக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். போட்டேன். இந்த முறை மறைக்கவில்லை. பிறகு அவர் திரும்பி, அத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தானே ஒரு இலக்கத்தை, நான் பார்க்கக்கூடியதாக, மெதுவாக அடித்தார். அது அவருடைய பழைய இலக்கம். கீபேட் மூன்று தரம் அதட்டியது.

"செத்திட்டுது" என்றார். அதற்குப் பிறகுதான் கத்தாருக்குப் போவதாகச் சொன்னார். இந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் காலையிலிருந்து இதைத்தான் செய்துகொண்டு வந்திருக்கிறார். ஓவசியர் ஐயா வீட்டிலும்.

"அப்ப மெசேஜ் லிஸ்ட்டில இருக்கிற உங்கடை போனையும் எடுத்துவிடட்டோ?" என்று கேட்டேன். எனக்கு அவர் சொல்லித் தந்த ஒழுங்கு அதுதானே.

"அது நம்பர் இல்ல டீச்சர், அது போன். அது இரிக்கட்டும்." பொத்தான்களைத் துடைத்தார், கைக்குட்டையை மடித்து வைத்தார், போய்விட்டார். அம்மா கோயிலால் வர நேரமாகிவிட்டது. நானா கத்தாருக்குப் போவதை நானும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் முதலாம் சனிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். நல்ல சேலை உடுத்த முடியாது, நீ செய் என்றார். நானே பின்கதவால் வந்து அடித்தேன். என் போன் ஒலித்தது. அவர் ஊரில் இல்லை, சிம் செத்திருக்கும் என்று நினைத்து அவருக்கு நான் சொல்லவில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது; அங்கே போயும் ஊர்ச் சிம்மைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார். பின்னால் ஏதோ பெரிய மெஷின் ஓடும் சத்தம், ஆட்கள் கத்தும் சத்தம். அவர் ஓடிவந்து எடுத்திருக்கிறார், மூச்சு வாங்குவது கேட்டது.

"டீச்சர்." மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார்: "சோதனைதானே?"

பின்கதவுச் சாவி இன்னும் என் கையில் இருந்தது.

"ஓம் நானா. சோதனைதான். சொல்ல மறந்திட்டன்."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"பரவாயில்ல டீச்சர்" என்றார். "வேலை செய்யுது."

அறைக்குள்ளிருந்து அம்மா கேட்டார்: "தம்பி என்னவாம்?"

"வேலை செய்யுதாம் அம்மா" என்றேன்.